நாய்க்கு விளக்கு எதற்கு? கதை விளையாட்டில் ஒளிவதும் கண்டுபிடிப்பதும்

ஐஸ்பாய் ஆடாத தெரு தமிழ்நாட்டில் இருக்காது. ஊருக்கு ஊர் பெயரும் உச்சரிப்பும் மாறும், சண்டை மட்டும் மாறாது. ஒருவன் கண்ணை மூடி எண்ணுவான். மற்றவர்கள் ஒளிவார்கள். பார்த்தவுடன் பெயரைச் சொல்லி அவுட் ஆக்க வேண்டும். இங்கேதான் வில்லங்கம். ஒளிந்திருக்கும் இரண்டு பேர் சட்டையை மாற்றிப் போட்டுக்கொண்டு, சுவருக்கு மேலே தோளை மட்டும் காட்டுவார்கள். தேடுகிறவன் சட்டையைப் பார்த்துப் பெயரைக் கத்துவான். பெயர் தப்பு! மறுபடியும் முதலிலிருந்து எண்ண வேண்டியதுதான்.

"நான்தான் பார்த்துட்டேன்ல!"

"என் சட்டையைத்தானே பார்த்தே? என்னைப் பார்க்கலையே!"

இந்த வழக்கில் யார் பக்கம் நியாயம்? தெருவில் இதைத் தீர்த்துவைக்க ஒரு பெரிய அக்கா இருப்பார். இதே வழக்கை மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, பகடையும் பென்சிலுமாக 50 ஆண்டுகளுக்கும் மேலாகப் பேசிக்கொண்டிருக்கிறது இன்னொரு கூட்டம். 'ரோல்பிளேயிங் கேம்' ஆடுகிறவர்கள்தான் அவர்கள். 2016-ல் நெட்ஃப்ளிக்ஸில் வந்த 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரில், நான்கு பையன்கள் நிலவறையில் உட்கார்ந்து ஆடுவார்களே, அந்த விளையாட்டு.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். 'நான் இதைச் செய்கிறேன்' என்று வாயால் சொல்ல வேண்டும். முடியுமா, முடியாதா என்று சந்தேகம் வரும் இடத்தில் மட்டும் பகடை. 1974-ல் அமெரிக்காவின் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் உருவாக்கிய 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இந்த வகையில் முதலில் அச்சாகி விற்பனைக்கு வந்தது. அதில் 20 முகம் கொண்ட பகடைதான் கதாநாயகன்.

சண்டை போடுவது, மலை ஏறுவது, பேரம் பேசுவது என்று எல்லாவற்றுக்கும் அதில் விதி உண்டு. ஆனால், மேஜையில் அதிகம் தகராறு கிளப்புவது ஒளிவதற்கும் கண்டுபிடிப்பதற்கும் உள்ள விதிகள்தான். 'ஸ்டெல்த்', 'பெர்செப்ஷன்' என்பார்கள். நம் வசதிக்கு 'பதுங்கல்', 'கவனிப்பு' என்று வைத்துக்கொள்வோம்.

அந்தத் தகராறு எப்படி வருகிறது, எப்படித் தீர்க்கலாம்? அதற்கு ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம்.

திருமுக்கூடலில் ஒரு ராத்திரி

காஞ்சிபுரம் மாவட்டம், திருமுக்கூடல். பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடும் இடம். பழைய சீவரத்துக்கு எதிர்க்கரை. அங்கே ஒரு வீட்டுக் கூடம். லீவுக்கு வந்திருக்கும் அத்தைதான் கதையை நடத்துகிறார். ஆடுவது 14 வயது அண்ணன், ஒன்பது வயது தங்கை. ஓரமாகச் சாய்வு நாற்காலியில் தாத்தா. பட்டுத்தறியில் வாழ்நாளைக் கழித்தவர்.

கதைக்களத்துக்கு அத்தை எங்கேயும் அலையவில்லை. ஊர்க் கோயிலையே எடுத்துக்கொண்டார். அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 11-ம் நூற்றாண்டு. 'வீரசோழன்' என்ற பெயரில் இங்கே 15 படுக்கைகளோடு ஒரு ஆதுலர்சாலை, அதாவது மருத்துவமனை நடந்ததை அது சொல்கிறது. மருத்துவர் ஒருவர், அறுவை மருத்துவம் செய்பவர் ஒருவர், மருந்துச் சரக்கு கொண்டுவர இரண்டு பேர், நோயாளிகளைக் கவனித்துக்கொள்ளப் பெண்கள் இரண்டு பேர். இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியலும் உண்டு, சுமார் 20 பெயர்கள். அதில் ஒரு மருந்தின் பெயர் 'சுனேத்ரி'. நல்ல கண் என்று பொருள்படும் பெயர். வேதம் படிக்கும் மாணவர்களுக்கான கல்லூரியும் விடுதியும்கூட இங்கே இருந்தன.

கல்வெட்டு சொல்வது அவ்வளவுதான். மீதி அத்தையின் கற்பனை. மருந்து அறையில் யாரோ ஓர் ஓலையை மறைத்து வைத்திருக்கிறார்கள். விடிவதற்குள் அதை எடுத்தாக வேண்டும். அண்ணன் ஓர் ஒற்றன். தங்கை மூலிகை பறித்துக் கொண்டுவரும் சிறுமி. வாசலில் காவல்காரர்.

"நான் தூணுக்குத் தூண் ஒளிஞ்சு ஒளிஞ்சு போறேன் அத்தை."

"சரி, உருட்டு."

பகடையில் 13. பாத்திரத்தின் பதுங்கும் திறனுக்கு 5. மொத்தம் 18.

"ஐ... 18!"

"ஆனா வாசல்ல ஒரு நாய் படுத்திருக்கு. மோப்பம் பிடிச்சு குரைச்சுடுச்சு. காவல்காரர் ஓடி வந்துட்டாரு."

"நாயா? நாய் இருக்குன்னு நீங்க சொல்லவே இல்லையே!"

"ராத்திரி நேரத்துல வாசல்ல நாய் இருக்காதா கண்ணு?"

"அப்ப நான் எதுக்கு உருட்டினேன்?"

பகடையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

அத்தை ஏமாற்றவில்லை. நாய் இருப்பதும் நியாயம், மோப்பம் பிடிப்பதும் நியாயம். ஆனாலும் அந்தக் குழந்தையின் கேள்விக்குப் பதில் இல்லை. நல்ல எண் விழுந்த பிறகு புதிதாக ஒரு நாய் வந்தால், அந்த எண்ணுக்கு என்ன மதிப்பு? அடுத்த முறை 20 விழுந்தாலும் அவள் சந்தோஷப்பட மாட்டாள். இன்னொரு நாய் வரும் என்று காத்திருப்பாள். விளையாட்டு கெடுவது அங்கேதான்.

பகடைக்கு முன்னால் மூன்று கேள்விகள்

ஒளிவது மற்ற காரியங்களைப் போல இல்லை. சுவர் ஏறுகிறோம் என்றால் சுவர் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. எவ்வளவு உயரம், பிடிமானம் உண்டா என்று எல்லோருக்கும் தெரியும். ஒளியும்போது தாண்ட வேண்டியது இன்னோர் ஆளின் கவனத்தை. அது கண்ணுக்குத் தெரியாது. கதை நடத்துபவர் மனதில் மட்டும் இருக்கிறது. அதனால்தான் மற்ற எந்த விதியைவிடவும் இங்கே அவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டியது அதிகம்.

பகடை உருளும் முன்பே மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிட்டால் பாதிச் சண்டை வராது.

முதல் கேள்வி: ஒளிய இடம் இருக்கிறதா? வெட்டவெளியில், பட்டப்பகலில், காவல்காரர் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது 'ஒளிகிறேன்' என்றால் அங்கே பகடைக்கே வேலை இல்லை. தெளிவாகப் பார்க்கிறவரிடமிருந்து ஒளிய முடியாது என்பது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 5-ம் பதிப்பிலும் விதி. ஒளிவதற்கு ஏற்ற சூழல்தானா என்பதை நடத்துபவர்தான் தீர்மானிக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது.

இரண்டாவது கேள்வி: யாரிடமிருந்து, எந்தப் புலனிலிருந்து? தூண் கண்ணை மறைக்கும், கொலுசுச் சத்தத்தை மறைக்காது. இருட்டு காவல்காரரைத் தடுக்கும், நாயைத் தடுக்காது. நாய்க்கு விளக்கு எதற்கு? ஆற்று மணலில் நடந்தால் சத்தம் கேட்காது, ஆனால் காலையில் காலடித் தடம் காட்டிக்கொடுக்கும். ஒருவரிடம் ஒளிந்தவர் எல்லோரிடமும் ஒளிந்தவர் ஆகமாட்டார்.

மூன்றாவது கேள்வி: தவறினால் என்ன ஆகும்? பிடித்துவிடுவார்களா, 'யாரது?' என்று ஒரு குரல் மட்டும் வருமா? இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் ஆடுபவர் போவதா, வேண்டாமா என்று முடிவெடுக்க முடியும்.

இந்த மூன்றாவது கேள்வியைத் தன் விதியாகவே வைத்திருக்கும் விளையாட்டும் இருக்கிறது. ஜான் ஹார்ப்பர் உருவாக்கி 2017-ல் வெளிவந்த 'பிளேட்ஸ் இன் தி டார்க்'. இதில் எல்லோருமே திருட்டுக் கூட்டம்தான். பகடையை எடுப்பதற்கு முன்பே, நிலைமை கட்டுக்குள் இருக்கிறதா, ஆபத்தா, உயிரைப் பணயம் வைக்கும் கட்டமா என்று நடத்துபவர் அறிவித்துவிட வேண்டும். ஒரு தடவை சறுக்கினால் உடனே கைது என்பதும் கிடையாது. ஒரு வட்டம் வரைந்து நான்காகவோ ஆறாகவோ பிரித்து வைப்பார்கள். சறுக்கச் சறுக்க ஒவ்வொரு பங்காக நிரம்பும். முழுதும் நிரம்பினால்தான் ஊர் விழிக்கும். வட்டம் எல்லோர் கண் முன்னாலும் இருப்பதால் யாரும் 'ஏமாத்திட்டீங்க' என்று சொல்ல முடியாது.

தறிக்காரர் காது

சரி, காவல்காரரின் கவனத்தை எப்படி அளப்பது? அவரும் பகடை உருட்ட வேண்டுமா?

இதற்கு 5-ம் பதிப்பில் ஓர் எளிய வழி இருக்கிறது. 'பாசிவ் பெர்செப்ஷன்' என்று பெயர். ஒருவர் எதையும் தேடாமல் சும்மா இருக்கும்போதே அவருக்கு இருக்கும் கவனம். 10 என்று வைத்து, அதோடு அவருடைய கவனிப்புத் திறனைக் கூட்டினால் போதும். சாதாரணக் காவலருக்குத் திறன் 2, ஆக 12. மங்கலான வெளிச்சத்தில் கண்ணை நம்பியிருந்தால் 5 குறையும். மோப்பம் மாதிரி கூடுதல் வசதி இருந்தால் 5 கூடும்.

'தேடாமலே எப்படிக் கவனிப்பது?' என்று குழந்தைகள் கேட்டால் தாத்தாவிடம் அனுப்பலாம்.

"தறியில உட்கார்ந்தா நான் இழை இழையா பார்த்துக்கிட்டா இருப்பேன்? ரேடியோ பாடும், பக்கத்துத் தறிக்காரரோட பேச்சு ஓடும். ஆனா பாவுல ஒரு இழை அறுந்தா கை தானா நின்னுடும். எப்படித் தெரிஞ்சதுன்னு கேட்டா சொல்லத் தெரியாது."

பட்டுப் பாவில் ஆயிரக்கணக்கான இழைகள். நாடா ஓடும் சத்தத்திலும் கைக்குக் கிடைக்கும் இறுக்கத்திலும் ஒரு சின்ன மாற்றம் போதும், பழகின தறிக்காரருக்குத் தெரிந்துவிடும். பகடை இல்லாத கவனிப்பு என்பது இதுதான். புதிதாகத் தொழில் பழகும் பையனுக்கு 11 என்றால், தாத்தாவுக்கு 18-கூடக் கொடுக்கலாம். ஆனால், அதே தாத்தாவைக் கோயில் வாசலில் காவலுக்கு உட்கார வைத்தால்? அங்கே 18 கொடுக்கக் கூடாது. பழகின வேலையில் வரும் கவனம் பழகாத இடத்துக்கு அப்படியே வராது. இதையும் கதை நடத்துபவர்தான் யோசிக்க வேண்டும்.

தேடுவதற்கும் இதே கதைதான். 'அறையைப் பார்க்கிறேன்' என்பது ஒன்று. 'மருந்து ஜாடிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி அடியில் பார்க்கிறேன்' என்பது வேறு. ஓலை ஜாடிக்கு அடியில்தான் இருக்கிறது என்றால், இரண்டாவதாகச் சொன்னவருக்குப் பகடையே வேண்டாம், கிடைத்துவிட்டது. முதலில் சொன்னவர் சுவரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் 20 விழுந்தாலும் கிடைக்காது. 2014-ல் வந்த விதிப்புத்தகமும் மேஜை டிராயரில் துணிக்கு அடியில் இருக்கும் சாவியை உதாரணமாக வைத்து இதையே சொல்கிறது. யோசித்துப் பேசும் குழந்தைக்கு இது பெரிய ஊக்கம். பகடை ராசி இல்லாவிட்டாலும் மூளைக்கு மதிப்பு உண்டு என்று தெரியும்.

எத்தனை தடவை உருட்டுவது?

இன்னொரு தப்பு, நல்ல எண்ணத்தோடு செய்வது. தூணுக்குத் தூண் உருட்டச் சொல்வது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். தங்கையின் பாத்திரத்துக்குத் திறன் 5, காவலரின் கவனம் 12. எண்ணைத் தொட்டாலே தப்பித்தாள் என்று வைத்துக்கொண்டால், பகடையில் 7 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். 20 முகங்களில் 14 முகம். 70 சதவீத வாய்ப்பு. பரவாயில்லையே! ஆனால் மூன்று தூணுக்கு மூன்று முறை உருட்டச் சொன்னால், மூன்றிலும் தப்பிக்கும் வாய்ப்பு 34 சதவீதமாகச் சரிந்துவிடும். விதி மாறவில்லை, காவலர் மாறவில்லை. உருட்டச் சொன்ன எண்ணிக்கைதான் அவளைக் காட்டிக்கொடுத்தது.

கூட்டமாகப் போனால் இன்னும் மோசம். நான்கு பேர், ஆளுக்கு 70 சதவீதம். நான்கு பேரும் தப்பினால்தான் ஆச்சு என்றால் வாய்ப்பு வெறும் 24 சதவீதம். அதனால்தான் 5-ம் பதிப்பில் குழுவுக்கு ஒரு சலுகை: பாதிப் பேர் ஜெயித்தால் குழுவே ஜெயித்தது. இப்படிக் கணக்கிட்டால் அதே நான்கு பேருக்கு வாய்ப்பு சுமார் 92 சதவீதம். பதுங்கத் தெரிந்தவர் தெரியாதவரைக் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போகிறார் என்று கதையிலும் சொல்லிவிடலாம்.

ஆகவே, நிலைமை மாறும்வரை ஓர் உருட்டு போதும். விளக்கோடு இன்னோர் ஆள் வந்தாலோ, ஓடைத் தண்ணீரில் இறங்க வேண்டியிருந்தாலோ அப்போது மறுபடி பார்த்துக்கொள்ளலாம்.

விதிகளை எழுதியவர்களும் இதைப் படிப்படியாகத்தான் கற்றுக்கொண்டார்கள். 1978-ல் வந்த விதிப்புத்தகத்தில், முதல் நிலையில் இருக்கும் திருடன் பாத்திரத்துக்கு அடிப்படையாக ஓசையில்லாமல் நடக்க 15 சதவீதம், நிழலில் மறைய 10 சதவீதம் என்று வாய்ப்பு கொடுத்திருந்தார்கள். இரண்டும் வேண்டும் என்று நடத்துபவர் பிடிவாதம் பிடித்தால் 1.5 சதவீதம்தான். பாவம், அந்தத் திருடன்! 2000-ல் வந்த 3-ம் பதிப்பு, ஒளிவது, சத்தமின்றி நடப்பது, பார்ப்பது, கேட்பது என்று நான்காகப் பிரித்தது. 2008-ல் 4-ம் பதிப்பு அவற்றைப் பதுங்கல், கவனிப்பு என்று இரண்டாகச் சுருக்கியது. 2024-ல் திருத்தப்பட்ட விதியில், முதலில் 15 எடுத்தால்தான் ஒளியவே முடியும். எடுத்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும், தேடுகிறவர் அதைத் தொட வேண்டும். கிசுகிசுப்பைத் தாண்டிச் சத்தம் போட்டாலோ யாரையாவது தாக்கினாலோ மறைவு போய்விடும்.

அரை நூற்றாண்டில் இத்தனை தடவை மாற்றியும் ஒன்று மட்டும் மாறவில்லை. சூழலைத் தீர்மானிப்பது மனிதர் கையில்தான் இருக்கிறது.

கோவிவன் என்றொரு நாய்

இதெல்லாம் வெளிநாட்டுச் சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். ஒளிந்து போவதையும் ஒளிந்தவரை அறிவதையும் தனித்தனியாக வைத்துப் பேசிய பழைய நூல் நம்மிடமே இருக்கிறது. தொல்காப்பியத்தின் புறத்திணையில் வெட்சி என்பது பகைவர் ஆநிரையைக் கவரும் திணை. அதில் பகைப்புலத்து ஒற்றர் அறியாதபடி போவது ஒரு துறை. பகைவர் நிலையை ஒற்றறிந்து வருவது இன்னொரு துறை. ஒன்று பதுங்கல், ஒன்று கவனிப்பு! திருக்குறளிலும் ஒற்றாடலுக்கென்று 59-வது அதிகாரம் உண்டு. ஓர் ஒற்றன் சொன்னதை மட்டும் நம்பாதே, ஒருவரையொருவர் அறியாத மூன்று பேர் சொல்வது ஒத்துப்போனால் நம்பு என்கிறார் வள்ளுவர்.

திருமுக்கூடலில் பாலாற்றோடு சேரும் செய்யாறு, ஜவ்வாது மலையில் பிறந்து செங்கம் வழியாக வருகிறது. அந்தச் செங்கம் வட்டாரம் நடுகற்களுக்குப் பேர் போனது. தமிழ்நாடு தொல்லியல் துறை 1972-ல் 'செங்கம் நடுகற்கள்' என்று தனிப் புத்தகமே வெளியிட்டது. ஆநிரையைக் கவரப் போய் இறந்தவர், மீட்கப் போய் இறந்தவர் என்று எத்தனையோ பேருக்கு அங்கே கல் நட்டிருக்கிறார்கள்.

அவற்றில் திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூர் நடுகல்லை மறக்கவே முடியாது. மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. எருமைக் கூட்டத்தைக் காக்கப் போய் உயிர்விட்ட வீரனுக்கு எடுத்த கல். அவன் உருவத்தோடு ஒரு நாயின் உருவமும் இருக்கிறது. நாயின் பெயரையும் வெட்டி வைத்திருக்கிறார்கள்: கோவிவன். இரண்டு கள்வர்களைக் கடித்துக் காவல் காத்ததாம்.

சுமார் 1,400 ஆண்டுகள் கழித்தும் அந்தப் பெயரை நாம் படிக்க முடிகிறது. வந்தவர்கள் எவ்வளவு திறமையாகப் பதுங்கினார்களோ தெரியாது, கோவிவன் அங்கே இருந்தது.

எண்ணை மறைக்கலாமா?

அத்தையின் கதைக்குத் திரும்பும் முன் ஒரு நடைமுறைச் சிக்கல். பகடையில் 2 விழுந்ததை ஆடுபவரே பார்த்துவிட்டால், 'வேண்டாம், நான் திரும்பிப் போறேன்' என்பார். கதையில் இருக்கும் பாத்திரத்துக்குத் தான் சரியாக ஒளியவில்லை என்பது எப்படித் தெரியும்? தெரியாது. அதே நேரம், நடத்துபவர் தனியாக மறைவில் உருட்டினால் குழந்தைக்கு நம்பிக்கை வராது.

இதற்குச் சமையலறையில் தீர்வு இருக்கிறது. ஒரு டம்ளர். ஆடுபவரே டம்ளருக்குள் பகடையைக் குலுக்கி, அப்படியே கவிழ்த்து வைத்துவிட வேண்டும். கை அவருடையது, எண் யாருக்கும் தெரியாது. காவல்காரர் பக்கத்தில் வரும் கட்டத்தில்தான் டம்ளரைத் தூக்க வேண்டும். அதுவரை மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ரகசியமும் காக்கப்படும், நியாயமும் காக்கப்படும்.

மறுபடியும் கூடம்

தங்கை எழுந்து போனாளே, என்ன ஆனாள்? சமையலறை வாசலில் நிற்கிறாள். கோபம் இன்னும் போகவில்லை. அண்ணன் மெதுவாகச் சொல்கிறான்: "அத்தை, நாய்க்கு எவ்வளவுன்னு நாம கணக்கே போடலையே."

அத்தை புத்தகத்தைப் புரட்டுகிறார். காவல் நாய்க்குக் கவனம் 13. மோப்பத்துக்கு 5 கூட்டினால் 18.

"பாப்பா, நீ எடுத்தது எவ்வளவு?"

"18." முகத்தைத் திருப்பிக்கொண்டேதான் பதில்.

"நாய்க்கும் 18 தான்."

இரண்டும் சமம். இப்போது என்ன செய்வது? குறித்த எண்ணைத் தொட்டாலே வெற்றி என்று எடுத்துக்கொண்டால் தங்கைக்குத்தான் வெற்றி. இல்லை, இருவருக்கும் இடையிலான போட்டி என்று எடுத்துக்கொண்டால், 2014 விதிப்படி சமமானால் முன்பு இருந்த நிலையே தொடரும். முன்பு இருந்த நிலை என்ன? நாய்க்கு அவள் இருப்பது தெரியாது. அதே நிலை தொடர்ந்தால் இப்போதும் தெரியாது. எப்படிப் பார்த்தாலும் அவள் தப்பித்துவிட்டாள்.

"அத்தை மேலதான் தப்பு கண்ணு. நாய் இருக்குன்னு நீ உருட்டறதுக்கு முன்னாடியே சொல்லியிருக்கணும். குரைச்சதை வாபஸ் வாங்கிக்கிறேன்."

நடத்துபவர் தன் தீர்ப்பைத் திருத்துவதால் மரியாதை குறைந்துவிடாது. குழந்தைகள் அதைத்தான் நினைவில் வைத்துக்கொள்வார்கள். பெரியவர்களுக்கும் விதி உண்டு என்று ஒன்பது வயதில் தெரிந்துகொள்வது நல்ல விஷயம்தானே!

அவள் வந்து உட்கார்ந்தாள்.

"நாய் தலையைத் தூக்குது. காதை விறைக்குது. மூக்கைத் தூக்கி ஒரு தடவை மோந்து பார்க்குது..."

"அய்யோ..."

"...மறுபடி தலையைக் கால்மேல வச்சுப் படுத்துடுச்சு. ஆனா காத்து இப்போ திரும்புது, ஆத்துப் பக்கத்திலிருந்து உன் முதுகுப் பக்கமா வீசுது. இன்னும் ஒரு தூண் போனா உன் வாசனை நாய்க்கு நேராப் போகும். மறுபடி உருட்டணும். தவறினா குரைக்கும், ஆனா காவல்காரர் எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் ஆகும். என்ன பண்ணப் போறே?"

இப்போது எல்லாம் முன்னாலேயே சொல்லியாகிவிட்டது. அவள் பகடையை எடுக்கவில்லை. கொஞ்சம் யோசித்தாள்.

"நான் மூலிகை பறிக்கிற பொண்ணுதானே? கூடையில வாசனை அதிகமா இருக்கிற தழை ஏதாவது இருக்கும்ல? அதைக் கசக்கி மேல பூசிக்கிறேன்."

அத்தை சிரித்துவிட்டார். "அப்ப நாய்க்குக் கூட்டின அந்த 5 கிடையாது. வெறும் 13 தான். உருட்டு."

18 தேவைப்பட்டால் பகடையில் 13 விழ வேண்டும், 40 சதவீத வாய்ப்பு. 13 போதும் என்றால் 8 விழுந்தால் போதும், 65 சதவீதம். ஒரு கைப்பிடித் தழையால் கூடியது 25 சதவீதம். நாய் இருப்பதே தெரியாதவளுக்கு இந்த யோசனை வந்திருக்குமா?

"தாத்தா, நாய்க்கு ஒரு பேர் சொல்லுங்க!"

"கோவிவன்னு வை" என்றார் தாத்தா, கண்ணைத் திறக்காமலே.

இந்த வாரம் வீட்டில் ஆடிப்பாருங்க

20 முகப் பகடை இல்லாவிட்டால் 1 முதல் 20 வரை எழுதிய துண்டுச் சீட்டுகள் போதும். உங்கள் ஊர்க் கோயில், பழைய பள்ளிக்கூடம், பாட்டி வீடு என்று எல்லோருக்கும் தெரிந்த இடத்தைக் களமாக வையுங்கள். தூண் எங்கே, விளக்கு எங்கே என்று யாரும் கேட்க வேண்டியிருக்காது. காவலுக்கு ஓர் ஆள், அவருக்கு 12. பதுங்குகிறவருக்கு 3 அல்லது 5. அவ்வளவுதான்.

கதையை நடத்தப்போவது அப்பாவோ, அம்மாவோ, சித்தியோ, யாராக இருந்தாலும் சரி. சீட்டை எடுக்கச் சொல்லும் முன் ஒரு நிமிடம் நிறுத்தி, அங்கே யார் யார் இருக்கிறார்கள், எதைப் பார்க்க முடியும், எதைக் கேட்க முடியும், தவறினால் என்ன ஆகும் என்று சொல்லிவிடுங்கள். நாய் இருந்தால், நாயையும் சேர்த்து.